வெளியே ஒரு பெஞ்ச்

"இந்த பாட்டிலெல்லாம் யாருது மாமா?"

கண்டக்டர் கேட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ஓடுகிற பஸ்ஸில் முன்படிக்கும் பின்படிக்கும் சேர்த்துக் கத்திப் பழகிய தொண்டை.

அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், கை துடைக்கத் துணி தேடி அலமாரியைத் திறந்திருந்தான். மடித்து வைத்த போர்வைகளுக்குப் பின்னால் காலி பாட்டில்கள். ஒன்றில் மட்டும் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

அக்கா நிமிரவில்லை. அவள் வீட்டுக்காரர், கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுபவர், தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"என்னுதுதான்."

"என்னமோ பரிசு வாங்கின மாதிரி சொல்றீங்க!"

"கேட்ட. சொன்னேன்."

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தீங்களே மாமா! நானும் ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அப்போதுதான் அக்காவின் முழங்கை கண்ணில் பட்டது. கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது.

"இது என்னக்கா?"

"மாடிப்படியில வழுக்கிட்டேன்டா."

"படி வழுக்கிச்சா, யாராவது தள்ளினாங்களா?"

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பேசாமல் தண்ணீர் குடித்தார். கண்டக்டருக்கு அது போதும். சரியான கல்லுளிமங்கன்!

கோபத்திலும் அவனுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்தது. வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அவன் பஸ்ஸில் ஒருவர் ஏறுவார். கையில் பெரிய பிஸ்கட் பாக்கெட். நூலகத்து ஸ்டாப்பில் இறங்கிவிடுவார். "யாருக்கு சார் விருந்து?" என்று ஒரு நாள் கிண்டலாகக் கேட்டான்.

"பழைய குடிகாரங்களுக்கு. நானும் அதுல ஒருத்தன். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு நிறுத்திக்கிறோம். யாருக்காவது தேவைப்பட்டா அனுப்புங்க" என்று கூச்சமே இல்லாமல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார் அவர்.

"வியாழக்கிழமை லீவு போடறேன். குடியை விட்டவங்க கூடுற இடத்துக்கு நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் கண்டக்டர். "வரலைன்னா நேரா உங்க முதலாளிகிட்ட போவேன். குடிக்கிறவன் கையில கண்ணாடியைக் கொடுக்கிறாரான்னு பாக்கலாம்."

முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும். ஆனாலும் அக்கா வீட்டுக்காரர் முகத்தில் பயத்தைக் காணோம்.

"இடம் சரியாத் தெரியுமா மச்சான்?"

"ஏன், வேற பக்கமா ஓடறதுக்கா?"

"வரேன். ஆனா உங்க அக்காவும் வரணும்."

"நல்ல நியாயம்! குடிச்சது நீங்க, நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கறது அவளா?"

"அவ வந்தா நான் வரேன்."

உடும்புப் பிடி. கண்டக்டர்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மூவரும் பஸ்ஸில் போனார்கள். நூலகம் நெருங்க நெருங்க, ஜன்னலோரம் இருந்த அக்கா நெளிய ஆரம்பித்தாள்.

"தலை வலிக்குதுடா. அடுத்த வாரம் போலாமே."

"பாத்தீங்களா மாமா? இப்பக்கூட உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் தவிக்கிறா. இவளைப் போய் இந்தப் பாடு படுத்த எப்படி மனசு வந்தது?"

அவர் அக்காவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன நடிப்பு!

நூலகத்துக்குப் பின்னால் ஒரு நீள அறை. உள்ளே நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. யாரோ ஏதோ சொல்ல, ஒரே சிரிப்பு. அழுமூஞ்சிகளை எதிர்பார்த்து வந்த கண்டக்டருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வாசலில் பிஸ்கட்காரர் நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க. இங்க யாரும் பேர் கேக்க மாட்டோம், என்ன வேலைன்னு கேக்க மாட்டோம். ஒரே ஒரு விதிதான். குடியை விடணும்னு நினைக்கிறவங்க மட்டும் உள்ள வரணும். கூட வந்தவங்க அந்த பெஞ்சுல இருக்கணும்."

"கேட்டீங்களா மாமா? வாசல்ல நின்னு வழியை மறைக்காதீங்க, உள்ள போங்க!" என்று அதட்டிவிட்டு, கடமையை முடித்த திருப்தியில் பெஞ்சின் நடுவில் காலை அகட்டி உட்கார்ந்தான் கண்டக்டர்.

வாசலில் அக்காவிடமிருந்து கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் வீட்டுக்காரர்.

"போ. நான் இங்கயேதான் இருப்பேன்."

அக்கா தம்பியை ஒரு தடவை பார்த்தாள். இந்த முறை தலை குனியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"வாம்மா, என் பக்கத்துல உட்காரு" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிஸ்கட்காரர் கதவைச் சாத்தினார்.

கண்டக்டர் அகட்டிய காலைச் சேர்த்து வைத்தான்.

தோளில் கைப்பையோடு பெஞ்சுக்கு வந்தார் கண்ணாடி வெட்டுபவர்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு மச்சான். நாம ரெண்டு பேருமே கூட வந்தவங்கதான்."