கரகரப்பு

துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து குரும்பகரம் வீட்டுக்குத் திரும்பியதும் கார்த்திகேசன் ஒரு வீணை இசைத்தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போவார். மனைவி தையல்நாயகிதான் சாப்பிட எழுப்புவாள்.

அறுபது வருஷத்துத் தட்டு, ஒரே கரகரப்பு. இன்றைக்கு ரெக்கார்டு பிளேயரில் ஊசிக்கைக்குப் பின்னால் இருக்கும் எடையைக் கொஞ்சம் திருகிப் பார்த்தார். கரகரப்பு அடங்கியது. வீணைக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏங்க, சோறு ஆறுது. எழுந்திரிங்க.”

தையல்நாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நான் இன்னும் கூப்பிடவே இல்லியே?”

மறுபடி போட்டார். அவளும் கேட்டாள்.

“என் குரல்தாங்க. ஆனா ஏன் அழுதுகிட்டே கூப்பிடுறேன்?”

தட்டில் அந்த அழைப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் எடையைப் பழைய இடத்துக்கே திருகினார். கரகரப்பு வந்தது. அலுப்பு தாங்கவில்லை, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

தையல்நாயகி சோறு போட உள்ளே போனாள்.