ரோஜாவுக்கு ஈடு

பொழுது சாயும் வேளையில் கேட்டருகே வந்து, அதில் தொங்கும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது சின்னவளின் வழக்கம். கம்பிகளெல்லாம் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்த அந்தக் கேட்டில், பூட்டு மட்டும் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. அன்றும் அது அசைந்து கொடுக்கவில்லை.

"இன்னிக்காவது திறந்துச்சா?" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

வீட்டுக்காரன் ரோஜாச் செடியருகே நின்றுகொண்டிருந்தான். இருபது வயதில் இறந்தவன். அதன்பின் அவனுக்கு வயது ஏறவில்லை. மாலை வெயில் அவன் சட்டையை ஊடுருவிச் செடியின் மேல் விழுந்தது.

"பூட்டி வச்சுட்டு, தினமும் 'திறந்துச்சா'ன்னு வேற கேக்குறீங்க. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் எரிச்சலைக் கிளப்புவீங்களா?"

"அப்போ இதைவிட மோசம்" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

அவள் அப்பா தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். கருவிப் பையும் எண்ணெய்க் குப்பியும் இல்லாமல் வாசலைத் தாண்டாதவர். வெளியூர் வேலைக்குப் புறப்பட்டவர், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "ஒரு ரோஜா போதும்ப்பா" என்றாள் சின்னவள். திரும்பும் வழியில், ஆளில்லாத இந்த மாளிகைத் தோட்டத்தில் ஒன்றைப் பறித்தார்.

வீட்டுக்கு வந்தவர் உடம்பெல்லாம் நடுங்கினார். "அங்க ஒரு பேய் இருக்கும்மா. பூவுக்கு ஈடா உன்னை அனுப்பச் சொல்லுது. இல்லேன்னா என் உயிரை எடுத்துடுமாம்."

அக்காமார் இருவரும் தூரத்து ஊர்களுக்குப் போய், தொலைபேசியில் வரும் குரல்களாகவே ஆகிவிட்டிருந்தார்கள். சின்னவளுக்கும் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து, ரயில் டிக்கெட்டும் பெட்டியில் இருந்தது. அப்பாவின் உயிரைவிடப் படிப்பு பெரிதா? டிக்கெட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு அவள் இந்தக் கேட்டுக்குள் நுழைந்தாள்.

நாலடி நடந்து திரும்புவதற்குள் பூட்டு விழுந்திருந்தது. வெளியே அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார். மதிலின் மேலே கண்ணாடிச் சில்லுகள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு எதுவும் இல்லை.

அப்பா எச்சரித்திருந்ததால், அவனை முதலில் பார்த்தபோது அவள் மயங்கி விழவில்லை. அவளைக் கண்டு அவன்தான் திடுக்கிட்டான்.

முதலில் வைதாள், பிறகு பேசினாள், பிறகு அவனுடைய பழைய அலமாரியைத் திறந்து புத்தகங்களைத் தூசி தட்டினாள். அவனால் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்ட முடியாது. அவள் புரட்டப் புரட்ட, இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தார்கள். அவன் படித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

"காலேஜ்ல சேர நாளைக்குக் கடைசி நாள்" என்றாள் இப்போது. "ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்க. பூட்டினது நீங்கதானே?"

பாதையின் முனையில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஆமா. நான்தான். என்மேலயே கோபப்படுங்க."

"கோபம் வரமாட்டேங்குதே. இப்போ அதுதான் என் கஷ்டம்."

நாள் தவறாமல் வருவதுபோல் அப்பா சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார். கம்பியைத் தொடும் முன்பே அவர் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பாவி இன்னும் உன்னை விடலையாம்மா?"

"அப்பா, இனிமே நீங்க அழ வேண்டாம்" என்றாள் சின்னவள் அமைதியாக. "எனக்குக் காலேஜ் வேண்டாம். அவரையே கட்டிக்கிட்டு இங்கேயே இருந்துடுறேன்."

"எவரைம்மா?"

"இது என்னப்பா கேள்வி? வீட்டுக்காரரைத்தான். இதோ, செடிகிட்ட நிக்கிறாரே!"

அப்பா செடியைப் பார்த்தார். அங்கே செடி மட்டுமே இருந்தது. "ஐயோ, அடைச்சு வச்சதுல பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் பேதலிக்கலை. பூப் பறிக்கும்போது முள்ளு குத்தி, விரலை வாயில வச்சுக்கிட்டு அந்தச் செடிகிட்டயே நீங்க மன்னிப்புக் கேட்டீங்களாமே? அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

டப்பா அப்பாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்று அந்தத் தோட்டத்தில் தன்னைத் தவிர யாருமில்லை என்றே அவர் இதுவரை நம்பியிருந்தார்.

"உன்னைப் பூட்டினது யாருன்னு... அவர்கிட்டக் கேட்டியா?" என்று மெல்லக் கேட்டார் அப்பா.

"கேட்டேன். 'நான்தான்'னு ஒத்துக்கிட்டார்."

அப்பா கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, கருவிப் பைக்குள், எண்ணெய்க் குப்பிக்கும் அடியில் எதையோ துழாவி எடுத்தார். பூட்டில் 'கிளிக்' என்றொரு சின்ன ஓசை. கேட் திறந்துகொண்டது.

"டிக்கெட் பெட்டியிலயேதான் இருக்கு. ராத்திரி ரயிலுக்கு நானே வந்து ஏத்திவிடுறேன்" என்றார் மகளின் முகத்தைப் பார்க்காமல். அவளைத் தாண்டி நடந்து, ரோஜாச் செடிக்கு முன்னால் போய் நின்றார். தன் கண்ணுக்குத் தெரியாத அவனை நோக்கி இரு கைகளையும் குவித்தார்.

"தம்பி, மூணாவது பொண்ணும் போயிடுவாளேன்னு பூட்டினது நான், அந்தப் பழி உங்களுக்கு வேண்டாம்."