மூணு மணி நேரம்

"மாமா, பம்பாய்லேர்ந்து துபாய்க்கு பிளேன்ல எம்மா நேரம் ஆவும்?"

துபாய்க்கென்று கிளம்பிப் போய் இரண்டு வருஷம் கழித்துச் சாலவாக்கம் திரும்பியிருந்த தானியேலிடம் மச்சான் யாக்கோபு கேட்டான்.

"மூணு மணி நேரம். ஆயிரத்து எரநூறு மைலு." பட்டென்று வந்தது பதில்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்முலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷன் பேசுவது தெருவுக்கும் கேட்கட்டுமென்று எழுந்து கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"நானும் போறேன் மாமா. ஒன்ன அனுப்பன அதே ஏஜெண்டுதான். மாட்ட வித்தாச்சு. நாளைக்கு அவங்கிட்ட பணம் கட்டணும்."

சோற்றை அள்ளிய தானியேலின் கை பாதியில் நின்றது.

"கட்டாத மச்சான். போவாத."

"இன்னாய்யா நீ? என் தம்பி நாலு காசு பாத்தா ஒனக்கு ஆவாதா?" அம்முலு சீறினாள்.

தானியேல் தலை நிமிரவில்லை.

"அந்த ஆளு எங்கள பம்பாயிலயே வுட்டுட்டு ஓடிப்பூட்டான். ரெண்டு வருசமும் அங்க ஏர்போர்ட்டுல கட்டட வேலதான் பாத்தேன். துபாய் போறவங்க பேசிக்கறதக் கேட்டுக்கினே கல்லு தூக்குனேன். பிளேன்ல நான் ஏறவே இல்ல."

அம்முலு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.