சனிக்கிழமை பத்து மணிக்கு

"நஸ்ரின், பேசாம இன்னிக்கு லீவு போட்டுடுங்கம்மா. நான் சமாளிச்சுக்கறேன்" என்றார் தலைமை ஆசிரியர் தேவசகாயம்.

"எதுக்கு சார்? என்னைப் பார்க்கத்தானே வர்றாங்க?" என்று நிதானமாக டீயைக் குடித்தாள் அறிவியல் ஆசிரியை நஸ்ரின்.

தேவசகாயம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஹைதராபாத் பாலாநகரில் இருந்த அந்தப் பள்ளியின் மைதானத்தில் கார்களும் பைக்குகளும் வந்து நிறைந்துகொண்டிருந்தன.

எல்லாம் அந்த நோட்டீஸ் செய்த வேலை. புதன்கிழமை காலையில் யாரோ பள்ளி கேட்டில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'வெளிநாட்டில் படித்த டீச்சர் நோட்ஸே கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மார்க் என்னாவது? சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் திரண்டு வாருங்கள், நேரிலேயே கேட்போம். இப்படிக்கு, அக்கறையுள்ள ஒருவர்.' மதியத்துக்குள் அதன் போட்டோ எல்லாப் பெற்றோரின் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது.

எட்டு மாதங்களுக்கு முன்பு, ஸ்காட்லாந்தில் வாங்கிய இயற்பியல் முதுகலைப் பட்டத்தோடு இதே அறையில்தான் அவள் வேலை கேட்டு உட்கார்ந்திருந்தாள். "இந்தப் படிப்புக்கு மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகள்ல பெரிய வேலை கிடைக்குமேம்மா?" என்று அவர் கேட்டார். "கிடைக்கும் சார். ஆனா அங்க பசங்க இருக்க மாட்டாங்களே" என்றாள். அந்தப் பதில் பிடித்துப்போய்த்தான் தாளாளரிடம் சண்டை போட்டு அவளைச் சேர்த்துக்கொண்டார்.

"தாளாளர் போன் பண்ணிட்டார். சத்தம் கிளம்பினா திங்கக்கிழமை உங்களுக்கு வேலை இல்லையாம். லேப் பீரியடையும் எடுத்துட்டு டெஸ்ட் வைக்கச் சொல்றார். வம்பு நக்கோம்மா, வேண்டாம், வீட்டுக்குப் போங்க." மூன்று தலைமுறை ஹைதராபாத் வாசம், பதறினால் அவர் தமிழில் இப்படி உருது எட்டிப் பார்க்கும்.

நஸ்ரின் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க சார், மணி பத்தாச்சு."

ஹாலில் ஐம்பத்தாறு பேர். முதல் வரிசையிலிருந்து ராகவேந்திரா எழுந்தார். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மேனேஜர். அவர் மகள் ஹர்ஷிதா பத்தாம் வகுப்பு.

"மேடம், என் பொண்ணு சயின்ஸ் நோட்டைப் பார்த்தேன். பாதி நோட்டு காலியா இருக்கு. உங்க ஃபாரின் மெத்தட் எல்லாம் அங்க சரிப்படும். இங்க போர்டு எக்ஸாம் எழுதணும்."

"கரெக்ட்!" என்று பின்னாலிருந்து பல குரல்கள்.

தேவசகாயத்துக்கு வியர்த்தது. நஸ்ரின் மட்டும் பதறவில்லை.

"நியாயமான கேள்வி சார். பதிலை உங்க பிள்ளைங்களே சொல்லட்டும். எல்லாரும் கொஞ்சம் லேபுக்கு வாங்க."

ஆய்வகத்தின் ஜன்னல்களைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார்கள். உள்ளே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெற்றோர் இரு பக்கமும் நெருக்கி நின்றதும் கதவு சாத்தப்பட்டது. கும்மிருட்டு. "என்னங்க இது விளையாட்டு?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

ஹர்ஷிதா ஜன்னல் அட்டையில் ஒட்டியிருந்த ஒரு சின்ன டேப்பை உரித்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை.

எதிர்ச் சுவரில் மெல்ல மெல்ல நிறங்கள் தெரிந்தன. கண் பழகப் பழக, அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெளியே இருக்கும் சாலை அப்படியே சுவரில்! நீல வானம் கீழே கிடந்தது. மேம்பாலம் தலைகீழாகத் தொங்கியது. அதில் ஒரு பஸ் சக்கரங்களை மேலே தூக்கிக்கொண்டு ஓடியது.

"ப்ரொஜெக்டர் எங்க இருக்கு?" ராகவேந்திராவின் குரல்.

"ப்ரொஜெக்டர் எல்லாம் இல்ல டாடி. ஜஸ்ட் ஒரு ஹோல்" என்றாள் ஹர்ஷிதா. "லைட் ஸ்ட்ரெய்ட்டாதான் போகும். மேல இருந்து வர்ற லைட், ஹோல் வழியா கீழ போய் விழும். கீழ இருந்து வர்றது மேல போகும். அதான் உல்டாவா தெரியுது."

"அப்போ ஹோலைப் பெருசாக்கினா?"

"நீங்க சொல்லுங்க. கெஸ் பண்ணுங்க."

இருட்டில் சிரிப்பலை. "இன்னும் நல்லா தெரியும்" என்றார் அவர். அவள் ஓட்டையைப் பெரிதாக்கினாள். வெளிச்சம் கூடியது, படம் மங்கிக் குழம்பியது.

"அட, ஏன்?" மேனேஜர் குரலில் இப்போது அதட்டல் இல்லை, ஆசைதான் இருந்தது.

அவள் விளக்கினாள். இதற்குள் மற்ற பெற்றோரும் அவரவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தமிழிலும் தெலுங்கிலும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். "இதெல்லாம் எக்ஸாம்ல வருமா?" என்று ஓர் அம்மா கேட்க, நஸ்ரின் விளக்கைப் போட்டு, போன வருடத்து ஐந்து மார்க் கேள்வி ஒன்றை போர்டில் எழுதினாள். வகுப்பே கை தூக்கியது.

வெளியே வந்ததும் ராகவேந்திரா தேவசகாயத்திடம், "தாளாளர் நம்பர் கொடுங்க சார்" என்றார். தேவசகாயம் தயங்கிக்கொண்டே கொடுத்தார். ராகவேந்திரா அங்கேயே நின்று தாளாளரிடம் போனில் பேசினார்.

"இந்த மேடம் இல்லேன்னா என் பொண்ணும் இந்த ஸ்கூல்ல இல்ல சார். லேப் பீரியட் வாரத்துக்கு ரெண்டாச்சும் வேணும்."

அவருக்குப் பின்னால் போனில் பேச ஒரு வரிசையே நின்றது. பன்னிரண்டு மணிக்குத் தாளாளரே அழைத்தார். நஸ்ரினுக்கு வேலை நிரந்தரம். லேப் இனி வாரம் இரண்டு பீரியட்.

தேவசகாயம் ஆய்வகத்துக்கு ஓடினார். நஸ்ரின் தனியாக நின்று ஜன்னல் அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா! ஆனா ஒண்ணு, உங்க வேலைக்கே உலை வைக்கப் பார்த்த அந்த 'அக்கறையுள்ள ஒருவர்' யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

"பாவம், விட்டுடுங்க சார்" என்று சிரித்தாள் நஸ்ரின். "லேபை வந்து பாருங்கன்னு மூணு தடவை முறையா அழைப்பு அனுப்பினேன், நாலே பேர் வந்தாங்க, சண்டை போட வாங்கன்னு ஒரே ஒரு நோட்டீஸ் ஒட்டினேன், அம்பத்தாறு பேர் வந்துட்டாங்க!"