ஆயில் சீல்

"ஆசாத் பாய்க்கு வேலை தெரியலன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு வீரமணி. அது போதும்."

தனசேகரன் பைக்கை ஸ்டாண்டு போட்டார். அப்பா வாங்கிய பழைய வண்டி. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வலது காலில் எண்ணெய் வழிந்து, சக்கரத்தின் நடுப்பகுதிவரை பிசுபிசுவென்று இருந்தது.

"போன வாரம்தான் எண்ணெய் ஒழுகாம இருக்க பாய்கிட்ட ஆயில் சீல் மாத்தினேன். நேத்து பள்ளிக்கூடம் விட்டு வெள்ளிமலையிலேர்ந்து இறங்கிக்கினு இருக்கேன், எண்ணெய் பிரேக்குல இறங்கி, வளைவுல முன் பிரேக்கு பிடிக்கவே இல்ல. பாறையில உரசித்தான் நின்னுச்சு."

"அடி பட்டுச்சா சார்?"

"படல. பட்டிருந்தா?"

மெக்கானிக் வீரமணி ஸ்பேனரை எடுத்தான்.

"பழைய வண்டிக்காரங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. ஆசாத் கடைக்கு யாரும் போகாதீங்கன்னு எழுதி வெச்சிட்டேன். நீ சொன்னதும் அனுப்பிடுவேன்."

வீரமணி சொல்லுவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவனும் ஆசாத்தும் ஒன்றாகக் கடை வைத்திருந்தவர்கள். சண்டை போட்டுப் பிரிந்து, ஆசாத் கச்சிராயபாளையம் சாலையிலும் வீரமணி துருகம் சாலையிலும் தனித்தனியாக உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தாலும் பேச்சு கிடையாது.

வீரமணி சக்கரத்தைக் கழற்றினான். ஃபோர்க்கை உருவினான். சீலை நெம்பி எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குப்பை டின்னில் போட்டான்.

"இன்னா ஆச்சு?"

"பாய் சரியாத்தான் போட்டிருக்காரு சார்."

"அப்புறம் ஏன் ஒழுகுது?"

"ஃபோர்க்குல இருக்கிற ராடுல துரு. அது மேலயும் கீழயும் போய் வரச்சே சீலை அறுத்துடுச்சு. மலையில மழை ஜாஸ்தி இல்ல? யாரு போட்டாலும் இப்படித்தான் ஆவும். துருவைத் தேய்ச்சு வுட்டுட்டு வேற சீல் போட்டுடறேன்."

தனசேகரனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாயைத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

வீரமணி வேறு சீல் போட்டு, புது எண்ணெய் ஊற்றி, பிரேக் ஷூவைத் துடைத்து உப்புத்தாள் போட்டு, சக்கரத்தை மாட்டினான். தானே ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான்.

"பயப்படாம மலை ஏறுங்க சார். குரூப்புல மட்டும் ஒண்ணும் போடாதீங்க. பாவம், வயித்துப் பொழப்பு."

தனசேகரன் எழுதியதை அழித்தார். போகிற வழியில் ஆசாத்திடமும் துரு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வண்டியைத் திருப்பினார். பட்டப்பகலில் ஆசாத் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், என்னைப் பார்த்ததும் கடையைச் சாத்துறீங்க?"

"சார், உங்க வூட்டைத் தேடிக்கினுதான் கெளம்பினேன். உங்க போன் நம்பர் எங்கிட்ட இல்ல. இந்த வண்டியில மலைக்குப் போவாதீங்க. பிரேக்கு பிடிக்காது."

"ஏன்?"

ஆசாத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு என் சம்சாரத்துக்கு ஆபரேஷன். சீக்கிரம் முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு, உங்க வண்டிக்கும் நைனார்பாளையத்துக்காரர் வண்டிக்கும் அவசரத்துல சீல் போட்டேன். அவரு காலையில ஒழுகுதுன்னு கொண்டாந்தாரு. கழட்டிப் பார்த்தா சீலைத் தலைகீழா போட்டிருக்கேன். உங்களுக்கும் அப்படித்தான் போட்டிருப்பேன் சார். தப்பு என்னுது."

"இல்லையே பாய். இப்பதான் வீரமணி கழட்டிப் பார்த்தான். நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்களாம். ராடுல இருந்த துருதான் சீலை அறுத்துடுச்சாம்."

"வீரமணியா? அவனா அப்படிச் சொன்னான்?"

"அவனேதான்."

ஆசாத் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ராடை விரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். இடது பக்கத்தையும் தடவினார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இது ரெண்டையும் போன வருஷம் நான்தான் புதுசு போட்டேன் சார். அன்னியிலேர்ந்து இன்னி வரைக்கும் இதுல ஒரு பொட்டுத் துரு கிடையாது, தேய்ச்ச தடமும் கிடையாது."