திரையில் எழுந்த புயல்

"இது புயலே இல்ல சார். கம்ப்யூட்டர்ல கணக்கு ஓட்டினதுல வந்த கோளாறு."

கடல் முன்னறிவிப்பு மையத்தின் இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரைபடத்தின் நடுவே சிவப்பு வட்டம் பெருத்துக்கொண்டே போனது.

"பத்து மீட்டர் அலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுதேம்மா!"

"சொல்லும். ஆனா இந்தக் கடலோட்டச் சமன்பாடுகளோட தீர்வு இப்படித் திடீர்னு எகிறாதுன்னு நிரூபிச்சாச்சு. காத்து கொடுக்காத வேகம் தண்ணிக்கு எங்கிருந்து வரும்? கணக்குக்காகக் கடலைப் பிரிச்சிருக்கிற கட்டங்களைப் பாதியாச் சின்னதாக்கி, இன்னும் துல்லியமா மறுபடி ஓட்டினேன். புயலைக் காணோம். நிஜப் புயல் அப்படி ஓடி ஒளியுமா?"

போன வாரம்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த கணித ஆய்வாளர் அவர். நரைத்த தலை, அசராத பேச்சு.

ரேடியோ கரகரத்தது. தீவிலிருந்து கிளம்பிய பயணிகள் கப்பலின் பெண் கேப்டன்.

"புயல்னு எச்சரிக்கை வந்திருக்கு. கப்பல்ல ஒருத்தருக்கு மாரடைப்பு. தீவுல டாக்டர் இல்ல. கரைக்கு வரவா, திரும்பவா?"

இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது. "திரும்பச் சொல்லிடலாம்."

"திரும்பினா அந்த மனுஷன் பிழைக்க மாட்டார் சார்."

"வந்து ஏதாவது ஆச்சுன்னா? யார் பொறுப்பு?"

"நான்."

ஆய்வாளர் மைக்கை வாங்கினார். "கேப்டன், நேரா கரைக்கு வாங்க. கடல் ஒண்ணும் செய்யாது."

"சரி, வர்றோம்." பதில் உடனே வந்தது.

மைக்கை வைத்தவர் ஜன்னலருகே போய்க் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, கணக்கு மேல சந்தேகமா?"

"துளிகூட இல்ல சார். சும்மா பார்க்கிறேன்."

சாயங்காலம் கப்பல் கரை சேர்ந்தது. அலை இடுப்பு உயரத்தைக்கூடத் தாண்டவில்லை. நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் இயக்குநருக்கு மூச்சு வந்தது. படகுத்துறையில் இறங்கிய கேப்டனிடம் ஓடினார்.

"ரேடியோவுல ஏதோ ஒரு புதுக் குரல் 'வாங்க'ன்னதும் மறுபேச்சில்லாம வந்துட்டீங்களே! அப்படி என்ன நம்பிக்கை?"

அவள் சிரித்தாள்.

"புதுக் குரலா? பிறந்ததுலேருந்து கேக்கிற குரல் சார். என்னை நடுக்கடல்ல வச்சுக்கிட்டு எங்கம்மா கணக்குல கோட்டை விடுவாங்களா?"