கதிரை வேண்டாம்

"இரிங்க மர்ஸூக் நானா. இரிந்து கதைப்பமே" என்று கதிரையை இழுத்துப் போட்டார் அக்ரம் முதலாளி.

"வாணாம் முதலாளி. நிண்டே கதைப்பம்."

பக்கத்தில் நின்ற மக்தலேனாவுக்கு மெய்சிலிர்த்தது. முந்தலில் இருந்த அந்த இறால் கொட்டிலில், நிறுக்கிற ஆண்களுக்குக் கதிரை உண்டு. உரிக்கிற பெண்கள் நாள் முழுக்க நிற்கவேண்டும். அவளுடைய கால்கள் வீங்கி, செருப்பு போட முடியாமல் மாதக்கணக்காகிறது. இருக்க ஒரு வாங்குப் பலகை கேட்டதற்கு, "இரிந்தா வேல ஓடாது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் தில்லையடியிலிருந்து சங்கத் தலைவரை வரவழைத்தார்கள்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உப்பளத்தில் கூலிக்கு நின்று, அங்கேயே சங்கம் கட்டியவர் மர்ஸூக். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நியாயம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். இன்றைக்கு பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தும் நின்றபடியேதான் வந்து இறங்கினார். தலைவர் என்றால் இவரல்லவா தலைவர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வயதில் மூத்தவர் நிற்க, தான் மட்டும் இருப்பது முதலாளிக்கு அந்தரமாகப் போய்விட்டது. அவரும் எழும்பினார்.

வாங்கு, பெண்களுக்குக் குறைந்த சம்பளம் என்று பேச்சு இழுபட்டது. பிளேன்டீ வந்தது, நின்றே குடித்தார்கள். முதலாளி காலை மாற்றி மாற்றி ஊன்றினார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நானா, கால் கடுக்குது. கொஞ்சம் இரிப்பமே."

"நீங்க இரிங்க. எனக்கு வாணாம்."

"நீங்க நிக்கக்குள்ள நான் எப்பிடி இரிக்கிற?"

மக்தலேனா வாய் திறந்தாள். "நீங்க இப்பதான் நிக்கத் தொடங்கினீங்க முதலாளி. நாங்க பொழுதுபடுமட்டும் நிக்கிறம்."

முதலாளி அப்போதுதான் அவளுடைய கால்களைப் பார்த்தார்.

"சரி. நாளைக்கே வாங்கு போடுறன். சம்பளக் கதைய வாற கிழம வெச்சிக்குவம்" என்றார்.

மறுநாள் வாங்கு வந்தது. பின்னேரம் மக்தலேனா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தில்லையடிக்குப் போய், மர்ஸூக்கின் மனைவி மஹ்மூதாவிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கடைசிமட்டும் நானா கதிரையில இருக்கவே இல்ல அக்கா. எங்களுக்காக நிண்டார்."

மஹ்மூதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவருக்கு எங்க புள்ள இரிக்கேலும்? நாலஞ்சு நாளா இரிக்கிற எடத்துல பெரிய கட்டி. குப்புறத்தான் படுக்குறாரு."

"மெல்லக் கதைங்க" என்று அறைக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

மக்தலேனா வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு அறைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "வாற கிழம ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் ஒரே சம்பளம் கேக்கணும் நானா. அதுவரைக்கும் அந்தக் கட்டிய உடைய விட்டிராதீங்க."